சொந்தமாக ஒரு செயலி எதற்கு?

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எத்தனையோ பணிகளுக்கிடையே இறுதிவரை இருந்து கேட்பதாக அவைத்தலைவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு என் தனி நன்றி. நூலகர் அம்மையாரைத் தனியாக விளித்ததற்கும் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

"செயலிதான் கடையிலேயே கிடைக்கிறதே, நீங்கள் ஏன் ராப்பகலாக உட்கார்ந்து ஒன்றைச் செய்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. செயலி என்று நான் சொல்வது கைப்பேசி ஆப்பை அல்ல, கணினியின் மூளையாக இருக்கும் பிராசசர் சில்லை. நியாயமான கேள்விதான். நான் செய்வது கடையில் விற்பதைவிட வேகமாக ஓடாது, செலவும் மிச்சமாகாது. அப்படியும் செய்வதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன். ஒன்று, புரிந்துகொள்ளும் ஆசை. இரண்டு, எதையும் நாமே தீர்மானிக்கும் உரிமை. மூன்று, நாம் செய்த இயந்திரத்தில் நாம் எழுதிய நிரல் ஓடும்போது வரும் மகிழ்ச்சி.

முதல் காரணத்துக்கு வருகிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்தத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியாது. இன்றைய கைப்பேசிச் செயலியில் டிரான்சிஸ்டர்கள் எனும் நுண்ணிய மின் சுவிட்சுகள் பல நூறு கோடி இருக்கின்றன. அதை எந்த மனிதராலும் தலைக்குள் முழுதாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற செயலியில் இருந்தவை ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள்தாம். 1975-இல் வந்த 6502 என்ற செயலியில் சுமார் 3,500. கட்டளையை எடுப்பது, பிரித்துப் படிப்பது, கணக்கிடுவது, விடையை எழுதுவது, மறுபடி அடுத்த கட்டளை: அன்றும் இன்றும் அடிப்படை வேலை இதுதான். எளிய செயலி ஒன்றைச் செய்தால் இது முழுவதும் நம் கைக்குள் வந்துவிடுகிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் முதல் செயலியை, மின்சுற்றுகளை விவரிக்கும் வெரிலாக் என்ற மொழியில் எழுதி, எஃப்.பி.ஜி.ஏ. என்ற சில்லு பொருத்திய பலகையில் ஏற்றினேன். அந்தச் சில்லுக்குள் ஆயிரக்கணக்கான சிறு தர்க்கக் கட்டங்கள் உண்டு. அவை எப்படி இணைய வேண்டும் என்பதை நாம் சொல்கிறோம், தவறினால் மாற்றி எழுதி மறுபடி ஏற்றலாம். பலகையில் எட்டு எல்.இ.டி. விளக்குகள். ஒன்றன்பின் ஒன்றாக எரிய வேண்டும், கடைசி விளக்கு வந்ததும் நிரல் தொடக்கத்துக்குத் தாவ வேண்டும். அவ்வளவுதான் நிரல். இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் கொடுத்தேன். ஒளி முதல் விளக்கிலிருந்து எட்டாவது வரை அழகாக நடந்துபோனது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். மூன்றாவது காரணமாகச் சொன்ன மகிழ்ச்சி இதுதான். இரண்டாவது சுற்று தொடங்கியது. ஒரு விளக்கு எரிய வேண்டிய இடத்தில் நான்கு எரிந்தன. நான்கும் நகர்ந்து போய், பலகை இருண்டுவிட்டது.

கேபிளை மாற்றினேன். செயலியை இயக்கும் கடிகாரத் துடிப்பின் வேகத்தைக் குறைத்தேன். நிரலை வரிவரியாகப் படித்தேன். இரண்டு இரவுகள் போயின. மூன்றாம் இரவு செயலியைக் கணினியிலேயே பாவனையாக இயக்கும் சிமுலேஷனை ஓட்டி, அது வரைந்து காட்டும் அலைவடிவத்தில் ஒவ்வொரு பதிவகமாக, அதாவது செயலி எண்களை வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு சிறு இடமாக, பார்த்துக்கொண்டே வந்தேன். எக்ஸ்-0 என்ற பதிவகத்தில் 34 என்று இருந்தது. அங்கே எப்போதும் சுழிதான் இருக்க வேண்டும். என் செயலி பின்பற்றிய கட்டளைத் தொகுப்பில் அது மாறாத விதி. தாவும் கட்டளை, திரும்பிவர வேண்டிய முகவரியை ஒரு பதிவகத்தில் எழுதும். அது தேவையில்லை என்றால் எக்ஸ்-0-வில் எழுதச் சொல்வார்கள், செயலி அதைத் தூக்கி எறிய வேண்டும். என் செயலி எறியவில்லை, எழுதி வைத்துக்கொண்டது. அதன் பிறகு முதல் விளக்கை ஏற்ற, சுழியோடு ஒன்றைக் கூட்டச் சொன்னபோது 35 வந்தது. இவை பதினாறை அடியாகக் கொண்டு எழுதிய எண்கள். அந்த 35-ஐ, 0, 1 மட்டுமே கொண்ட இருமத்தில் எழுதிப் பாருங்கள், 00110101: சரியாக நான்கு ஒன்றுகள், ஆகவே நான்கு விளக்குகள்! தொடக்கத்தில் எல்லாப் பதிவகங்களும் சுழியாக இருந்ததால்தான் முதல் சுற்று பிழைத்தது. ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன், சரியாகிவிட்டது. அந்த விதியை நான் முன்பே படித்திருந்தேன், பென்சிலால் அடிக்கோடும் இட்டிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

இரண்டாவது, தீர்மானிக்கும் உரிமை. 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பைத் தொடங்கினார்கள். செயலி எந்தெந்தக் கட்டளைக்கு எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகள்தாம் கட்டளைத் தொகுப்பு. அதைப் பயன்படுத்த யாருக்கும் உரிமக் கட்டணம் தர வேண்டியதில்லை. 32 பிட் அடிப்படைத் தொகுப்பில் சுமார் 40 கட்டளைகளே உண்டு. அவற்றைச் சரியாகச் செய்துவிட்டால், நாம் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி கம்பைலர் தரும் நிரல் உங்கள் வீட்டுச் செயலியில் ஓடும். வெரிலாக்கில் எழுதியதைத் தர்க்கச் சுற்றாக மாற்றித் தரும் யோசிஸ் போன்ற திறந்த மூலக் கருவிகள் இருப்பதால் மென்பொருளுக்கும் பணம் வேண்டாம். ஆக, மாணவருக்கு இன்று குறையாக இருப்பது ஒன்றே ஒன்று: பலகை.

நான் மேடைதோறும் கேட்டுவருவதை இங்கும் கேட்கிறேன். பலகைகள் ஆய்வகங்களில் இல்லாமல் இல்லை. அலமாரியில் பூட்டியிருக்கின்றன. வாரத்துக்கு ஒரு வகுப்பில் வெளியே வருகின்றன, மணி அடித்ததும் உள்ளே போகின்றன. எக்ஸ்-0-வில் இருந்த அந்தப் பிழையை ஒரு வகுப்பு நேரத்தில் யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்? அதற்கு மூன்று இரவுகள் வேண்டும், பலகை மேசையிலேயே கிடக்க வேண்டும். நூலகத்தில் புத்தகத்தை வீட்டுக்குத் தருகிறோம். பலகையையும் அப்படியே தர வேண்டும். உடைத்துவிடுவார்கள் என்கிறார்கள். புத்தகமும்தான் கிழிகிறது, அதற்காக நூலகத்தை மூடினோமா? ஏட்டை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, கறிக்கு உதவவில்லையே என்று மாணவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

நூலகர் அம்மையார் அவர்களே, உங்களை நம்பி இரண்டு பலகைகள் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் பதிவேட்டில் ஏற்றி, புத்தகத்துக்கு எத்தனை நாளோ அத்தனை நாள் தவணை கொடுங்கள். கேபிளும் உடன் இருக்கிறது. வாசலருகே மேசையில் மின்சாரம் கொடுத்து வைத்திருக்கிறேன். எட்டு விளக்குகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் யார் கையெழுத்துப் போடுகிறீர்களோ, எடுத்துக்கொண்டு போகலாம். வணக்கம்.