முழங்கால் நோவுள்ள அம்மாவோடு திருகோணமலையில் எங்கே நடக்கலாம்?

சரி, அடுத்த கேள்வி. கண்டியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்: “அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் நோ. இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பத்து வயது, எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பான். மூன்று நாள் திருகோணமலையில் நிற்கிறோம். மலை ஏறாமல், ஊர்ப்புறமாக ஆறுதலாக நடந்து பார்க்க, பழைய நினைவுச் சின்னங்களும் இருக்கிற இடங்கள் எவை?”

நல்ல கேள்வி, அக்கா. எங்கள் ஊருக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் கோணேசர் கோயில், நிலாவெளி, புறாமலை என்று மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். நீங்கள் மூன்று நாள் நிற்கிறீர்கள். அதனால் ஒரு நடைக்கு ஒரு கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்வெட்டு, ஒரு கல்லறை, ஒரு தூண், அவ்வளவுதான். அதைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தால் போதும்.

இடங்களைச் சொல்வதற்கு முன் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே தூரம் ஆளைக் களைக்க வைக்காது, வெயில்தான் வைக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பத்து மணிக்கே தோல் எரியும். ஒரு தடவை சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு பதினொரு மணிக்குக் கோணேசர் கோயிலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் கால் வைத்தவர் துள்ளத் தொடங்கினார். அறுபது வயதில் அவர் அப்படித் துள்ளி நான் பார்த்ததில்லை. பிழை என்னுடையதுதான். ஆகவே காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில், அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு. அம்மா கோயில் வாசலில் காலுறை போட்டுக்கொள்ளட்டும்.

முதல் நாள் காலையில், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற பிரெட்ரிக் கோட்டை. அது ஊர்ப்புறம் இல்லையே என்பீர்கள். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போனால் பெரிய மரங்கள், நிழல், வீதியோரம் படுத்திருக்கிற புள்ளிமான்கள். நகரத்துக்குள் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். ஏற்றம் மெதுவானது. அம்மாவுக்கு முடியாவிட்டால் ஆட்டோவில் மேலே அனுப்பிவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு நடக்கலாம். எல்லாரும் நேரே கோயிலுக்கு விரைவார்கள். நீங்கள் வாசலிலேயே நில்லுங்கள். நிலைக்கல்லில் இணைக்கயல், அதாவது இரட்டை மீன், செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பிற்காலத்தில் பறங்கியர் உடைப்பார்கள் என்று சொல்லும் பாட்டின் துண்டு அது என்று வாசிக்கிறார்கள். போர்த்துக்கீசர் கோயிலை இடித்தது 1622 இல். கோட்டையைக் கட்டியது 1624 அளவில். கோயிற் கல்தான் கோட்டைக்குப் போனது. உடைப்பார்கள் என்று சொல்லும் கல்லை உடைத்தவர்களே தங்கள் வாசலில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மகன் ‘ஏன்’ என்று கேட்டால், அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கல் மட்டும் தேவைப்பட்டது என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

கோயில் இருக்கிற மலையில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துத் தூண் ஒன்றின் கதையும் உண்டு. பிரான்சினா என்ற பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறித்த தூண். காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து அவள் பாறையிலிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் உருகி உருகிச் சொல்வார்கள். ஒல்லாந்தரின் ஆவணங்களோ அவள் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து மறுமணம் செய்துகொண்டாள் என்கின்றன. எனக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும்.

அன்று பின்னேரம் தூரம் போக வேண்டாம். டச்பே கடற்கரையோரம் நடந்து, கச்சான் (நிலக்கடலை) வாங்கிக் கொறித்துக்கொண்டு காந்தி சிலையடிக்கு வாருங்கள். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, அந்த இடத்தில்தான் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜனவரி வந்தால் அவர்களுக்காக விளக்கேற்றுவார்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

இரண்டாம் நாள் நிலாவெளி வீதி. நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் வீதியோரமாகவே யுத்த மயானம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த பல நாட்டுக்காரர்கள், முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். படியும் இல்லை, ஏற்றமும் இல்லை, வெட்டிவிட்ட புல்தரை. முழங்கால் நோவுக்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் குண்டு போட்டுத் தாக்கின. ஒரு விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் விழுந்து, அது நாள்கணக்கில் எரிந்தது. தாக்குதல் வரும் என்று முதல் நாளே துறைமுகத்தை விட்டு அனுப்பப்பட்ட ஹெர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புப் பக்கக் கடலில் அதே நாளில் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். தப்பிக்க அனுப்பிய கப்பல்தான் போனது. மயானத்தில் சும்மா நடந்து கற்களில் இருக்கிற வயதை மட்டும் வாசியுங்கள். பத்து வயதுப் பையன்கள் தாங்களாகவே கழித்துக் கூட்டிக் கணக்குப் பார்க்கத் தொடங்குவார்கள்.

அங்கிருந்து சாம்பல்தீவுப் பக்கம், சல்லிக் கிராமத்துக்குப் போங்கள். கடலோரமாக முத்துமாரி அம்மன் கோயில். வலை காயப்போட்டிருக்கும், மணல் பாதை. அம்மாவுக்கு மணலில் நடக்கக் கஷ்டம் என்றால் கோயில் நிழலில் இருக்கட்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த நடை. அனுராதபுர வீதியில் கன்னியா வெந்நீரூற்று. ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பது ஐதீகம். இன்றும் நம் சனம் இறந்தவர்களுக்காக அங்கே வந்து கிரியை செய்கிறது. அந்த இடத்தைப் பற்றிய வழக்கு வாதங்களுக்கு நான் இங்கே போகவில்லை, அதற்குத் தனிக் காணொளி வேண்டும். துவாயும் மாற்றுடுப்பும் கொண்டுபோய், அம்மாவின் காலில் நாலு வாளி வெந்நீர் ஊற்றுங்கள். மருந்து என்று சொல்லமாட்டேன், சுகமாக இருக்கும்.

அப்புறம் பெரியகுளம் பக்கம் போனால் வெல்கம் விகாரை. ஊரில் நாதனார் கோயில் என்றும் சொல்வார்கள். சோழர் காலத்தில் இதன் பெயர் இராசராசப் பெரும்பள்ளி. பௌத்த விகாரைக்குத் தமிழர் கொடுத்த கொடைகள் தமிழிலேயே வெட்டியிருக்கின்றன: நொந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரிகிற விளக்குக்கு, இவ்வளவு பசு என்று. விளக்குக்கு ஏன் பசு என்று மகன் கட்டாயம் கேட்பான். பசுவின் பாலில் நெய், நெய்யில் விளக்கு, அதனால் மாடு கொடுத்தால் விளக்கு அணையாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நிலையான வைப்பு அது. சிங்களவர் வேறு, தமிழர் வேறு, பௌத்தம் அவர்களுடையது, சைவம் எங்களுடையது என்று கோடு போட்டுப் பழகிப்போன நமக்கு, அந்தக் கல்லுக்கு முன் நின்றால் கொஞ்சம் தலை சுற்றும். சுற்றட்டும். இடிபாடுகளுக்கு இடையில் நடக்கிற தரை பெரும்பாலும் சமம், மர நிழலும் உண்டு. ஒன்று மட்டும்: அது காட்டோரம். யானை நடமாடுகிற பக்கம். காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு போங்கள், பொழுது சாய முன் திரும்பிவிடுங்கள். பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம்.

மூன்றாம் நாள் கிண்ணியா வழியாக மூதூர். முன்பு துறையடியில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகு வரும்வரை காத்திருந்து ஏறிக் கடப்போம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு போய்விட்டது. அதோடு ‘பாதை’யடித் தேத்தண்ணிக் கடைகளின் கதையும் முடிந்தது, அதுதான் கவலை. மூதூரில் ‘வெள்ளைக்காரன் புளி’ எது என்று கேளுங்கள். 1660 இல் பாய்மரம் உடைந்த ஆன் என்ற ஆங்கிலேயக் கப்பல் திருத்தவேலைக்காகக் கொட்டியாரக் குடாவில் நின்றபோது, கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்தார்கள். பிடித்த இடம் அந்தப் புளியமரத்தடி என்று 1893 இல் கல் நட்டார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு, 1679 இல் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்புவரை நடந்துபோய் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். நீங்கள் வருவது கண்டியிலிருந்து. அவரைக் கொண்டுபோனது உங்கள் பக்கத்துக்கு. இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள், திரும்பிப் போகிற வழியெல்லாம் கேள்விதான்.

நேரம் மிஞ்சினால் தம்பலகாமம். இடிபட்ட கோணேசருக்குப் பிற்காலத்தில் எழுந்த ஆதி கோணநாயகர் கோயில் அங்கேதான். சுற்றிவர வயல், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். வரம்பில் நடப்பதை அம்மாவுக்குச் சொல்லமாட்டேன், வழுக்கும். கோயில் வீதியில் நடந்தால் போதும்.

எண்ணெய்க் குதங்கள், கடற்படைத் தளத்துக்குள் இருக்கிற பழைய கோட்டை, இவற்றுக்கெல்லாம் அனுமதிச் சிக்கல் உண்டு. மூன்று நாளில் அந்த அலைச்சல் வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரிவரை வருவதென்றால் திட்டத்தை மாற்றுங்கள், வாடை மழையில் விகாரைப் பக்கம் சேறுதான்.

கோட்டை மான்களுக்குப் பிள்ளைகள் பிஸ்கட்டை உறையோடு நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவை உறையையும் தின்னும். சரி, அடுத்த கேள்வி, யாரோ ஒருவர் உப்புவெளியில் சைக்கிள் வாடகைக்கு எடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்.