டிஸ்க் நாலும் செருகியிருக்கு, விண்டோஸுக்கு மட்டும் ஏன் தெரியல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

பண்டாரவளையில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பின கேள்வி ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. தோட்டத்து பெக்டரி ஆபீசுக்கு பழைய டெல் சர்வர் ஒண்ணு வந்திருக்காம். பெர்க் ஹெச்710 கார்டு (டிஸ்க்குகளை ஒண்ணா சேர்த்து மேய்க்கிற ரெய்டு கார்டு), 600 ஜிபி டிஸ்க் நாலு. விண்டோஸ் சர்வர் போடப் போனா டிரைவே இல்லைங்குது. "பயோஸ்ல டிஸ்க் மோடை ஏஹெச்சிஐ-னு மாத்திட்டா வந்துருமா?"னு கேக்குறாங்க.

வராதும்மா. அந்த செட்டிங் மதர்போர்டுல இருக்கிற சாட்டா போர்ட்டுக்கு. உங்க டிஸ்க் கேபிள் போறது கார்டுக்கு.

என் பழைய வீடியோவுல இதைத் தோட்டத்துக் கதையா சொன்னதைப் பார்த்தவங்க இப்பவே சிரிப்பீங்க. ஆமா, கார்டுதான் கங்காணி! விண்டோஸ்தான் துரை, டிஸ்க்தான் ஆளுங்க. துரைக்கு ஆள் முகம் தெரியாது, கங்காணி செக்ரோல்ல (வேலைக்கு வந்தவங்க பேர்ப்பதிவு) ஏத்தின பேர்தான் தெரியும். செக்ரோல்ல ஏறலைன்னா, பிரட்டுக்களத்துல (காலையில ஆள் கூடுற இடம்) நாலு பேர் நின்னாலும் அன்னைக்கு வேலைக்கு யாரும் வரலைன்னுதான் கணக்கு. கார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து விண்டோஸுக்குக் காட்டுற இந்தக் கணக்குக்குத்தான் வர்ச்சுவல் டிஸ்க்னு பேர். சேர்க்கிற முறைக்கு ரெய்டுன்னு பேர், நம்பர் மாறினா முறை மாறும். அதுவும் ஹெச்710, டிஸ்க்கை அப்படியே தனியா நீட்டவே நீட்டாது. ஒத்த டிஸ்க்கா இருந்தாலும் ரெய்டு 0-ன்னு ஒண்ணு கட்டித்தான் கொடுக்கணும்.

சர்வர் ஏறும்போது கார்டோட பேர் திரையில வரும். அப்ப கன்ட்ரோல் ஆர் அமுக்குங்க. டிஸ்க் பக்கத்துல 'ஃபாரின்'னு இருந்தா கையை எடுங்க. வேற சர்வர்ல இருந்த டிஸ்க்னு அர்த்தம். அதுல இருக்கிற பழைய டேட்டா வேணும்னா இம்போர்ட், வேணாம்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் கிளியர். அப்புறம் கார்டு பேர் மேல நின்னு எஃப்2, புது வர்ச்சுவல் டிஸ்க். ரெய்டு 5 போட்டா 1.8 டிபி கிடைக்கும், ரெய்டு 10 போட்டா 1.2 டிபி. சம்பளக் கணக்கு ஓடுற டேட்டாபேஸுக்கு நான் 10-தான் சொல்லுவேன். 5-ல சின்னச் சின்னதா டேட்டா எழுதும்போதெல்லாம் பாரிட்டியை (ஒரு டிஸ்க் செத்தா டேட்டாவை மீட்கிற கணக்கு) திருப்பி எழுதணும், இழுக்கும். இனிஷியலைஸ் டிக் பண்ண மறக்காதீங்க, இல்லாட்டி பழைய பார்ட்டிஷன் எட்டிப் பார்க்கும்.

இதுக்கப்புறமும் காணோம்னாத்தான் டிரைவர் பிரச்சினை. 'லோட் டிரைவர்' கேக்கிற இடத்துல, இறக்கின இஎக்ஸ்இ ஃபைலை அப்படியே பென் டிரைவ்ல போட்டுக் காட்டினா அது கண்டுக்காது. பிரிச்சு, உள்ள இருக்கிற ஐஎன்எஃப், சிஸ், கேட் ஃபைலை ஒரே ஃபோல்டர்ல வைங்க. நீங்க போடுற விண்டோஸ் பதிப்புக்கான டிரைவர்தானான்னும் பாருங்க.

லினக்ஸ் போடுறவங்களுக்கு ஒண்ணு. ரெட் ஹேட் 8-ல இந்த மாதிரி கார்டுகளுக்கான மெகாரெய்டு டிரைவர் இருக்கும், ஆனா ஹெச்700, ஹெச்310 மாதிரி பழைய கார்டு எண்களை அதுல இருந்து எடுத்துட்டாங்க. கங்காணி வாசல்ல நிக்கிறார், துரைக்கு ஆளைத் தெரியல. டெபியன்ல அதே கார்டு தெரியும்.

சரி, தங்கச்சி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. கார்டுல பேட்டரி உயிரோட இருக்கா? 2012 வாக்குல வந்த கார்டு அது. எழுத வேண்டியதைக் கார்டு முதல்ல தன் மெமரியில வாங்கிட்டு, "எழுதியாச்சு"னு சொல்லிடும், அப்புறம்தான் டிஸ்க்குல இறக்கும். அதுதான் ரைட் பேக். நடுவுல கரண்ட் போனா அந்த மெமரியைக் காப்பாத்துறது பேட்டரி. பேட்டரி செத்துட்டா கார்டு தானாவே ரைட் த்ரூவுக்கு இறங்கிடும், அதாவது டிஸ்க்குல எழுதி முடிச்ச பிறகுதான் "எழுதியாச்சு"னு சொல்லும், எல்லாம் ஆமை வேகம். உடனே யாராவது, பேட்டரி இல்லாமலே ரைட் பேக் ஓட்டுற 'ஃபோர்ஸ் ரைட் பேக்' போடச் சொல்லுவாங்க. போடாதீங்க! ஐப்பசி இடிமழையில நம்ம மலையில கரண்ட் எத்தனை தடவை வந்து போகும்னு உங்களுக்கே தெரியும். யூபிஎஸ் இருக்கேன்னா, சர்வரோட பவர் சப்ளையே போச்சுன்னா யூபிஎஸ் என்ன பண்ணும்? பழைய பேட்டரி லேபிள்ல பார்ட் நம்பர் இருக்கும். அதைப் போன்ல படம் எடுத்து கொழும்புக்கு அனுப்பி, முதல்ல அந்த பேட்டரிக்கு ஆர்டர் கொடுங்க.