குழல்ல சத்தம் எங்க பொறக்குது? ஒரு ஸ்ட்ராவை வெட்டிப் பார்ப்போம்

வணக்கம். இன்னைக்கு 20 சென்டிமீட்டர் ஸ்ட்ரா ஒண்ணு, கத்தரிக்கோல் ஒண்ணு, அவ்வளவுதான் வேணும்.

வாயிலேருந்து போற காத்துதான் சத்தமா வெளிய வருதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லைங்க. மூச்சு குடுக்கறது சக்தி மட்டும்தான். பாடறது குழலுக்குள்ள ஏற்கனவே நிக்கிற காத்து. அதை எப்படி அதிர வைக்கிறோம்ங்கறதுலதான் புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட் எல்லாம் பிரியுது.

செஞ்சு காட்டறேன். ஒரு முனையை 2 சென்டிமீட்டருக்கு நல்லா நசுக்குங்க. நகத்தால நாலஞ்சு தடவை அழுத்தி இழுத்தா மடிப்பு நிக்கும். இப்ப ரெண்டு ஓரத்தையும் சாய்வா வெட்டுங்க. முனை கூம்பி, ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு நாக்கு கிடைக்குது பாருங்க. நாதஸ்வரத்துல சீவாளி செய்யற வேலையை இதுதான் இங்க செய்யுது. வெட்டின பாகம் முழுசும் வாய்க்குள்ள போகணும், உதடு அதைத் தாண்டிப் பிடிக்கணும். ம்ம்...

[ஸ்ட்ரா ஊதும் சத்தம்]

வெறும் காத்து 'உஸ்'ஸுன்னு வந்தா நாக்கு ரொம்பத் திறந்திருக்கு, இன்னும் நசுக்குங்க. காத்தே போகலைன்னா ஒட்டிக்கிச்சு, பக்கவாட்டுல லேசா அமுக்கித் திறந்து விடுங்க. உதடு ஸ்ட்ரா நாக்கு மேலயே உக்காந்திருந்தாலும் அதிராது. பெரும்பாலும் இந்தத் தப்புதான் நடக்கும்.

உள்ள நடக்கறதுதான் அழகு. நாக்கு திறந்ததும் ஒரு அழுத்தம் கீழ ஓடுது. திறந்த முனையில பட்டுத் தலைகீழா மாறி, அழுத்தக் குறைவா திரும்பி வந்து நாக்கை மூடுது. மறுபடி போயிட்டு வரும்போது அழுத்தமா வந்து திறக்குது. ஆக, நாக்கு எப்ப திறக்கணும்னு சொல்றதே குழல்தான்! ரெண்டு தடவை போய் வந்தா ஒரு அதிர்வு, அதாவது நீளத்தைப் போல நாலு மடங்கு தூரம். 20 சென்டிமீட்டருக்கு 0.8 மீட்டர். ஒலி வேகம் 20 டிகிரியில விநாடிக்கு 343 மீட்டர். வகுத்தா ஏறக்குறைய 429 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 429 அதிர்வு. ஸ்ட்ரா நாக்கு ரொம்ப இளக்கமா இருக்கறதால கொஞ்சம் கீழ இறங்கித்தான் கேக்கும். ஊதிட்டே கீழ் முனையை வெட்டிட்டு வாங்க, சுருதி படிப்படியா ஏறும்.

புல்லாங்குழல்ல நாக்கு கிடையாது. உதட்டிலேருந்து வர்ற மெல்லிய காத்துப் பட்டை ஊதற துளையோட எதிர் விளிம்புல மோதி, உள்ளயும் வெளியயும் மாறி மாறிப் பாயுது. அந்தத் துளை திறந்தே இருக்கறதால ரெண்டு முனையும் திறந்த கணக்கு. ஒரு தடவை போய் வந்தாலே ஒரு அதிர்வு. கிளாரினெட்ல நம்ம ஸ்ட்ரா மாதிரியே ஒரு நாக்கு இருக்கு, அதை ரீடுன்னு சொல்வாங்க; அதுக்கு ஸ்ட்ரா கணக்குதான். அதனாலதான் மேற்கத்திய புல்லாங்குழலும் கிளாரினெட்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம்னாலும், புல்லாங்குழல் 262 ஹெர்ட்ஸோட நிக்குது, கிளாரினெட் 147 வரைக்கும் இறங்குது. மேல் ஸ்தாயிக்குத் தாவும்போதும் வித்தியாசம் தெரியும்: புல்லாங்குழல் சட்ஜத்திலேருந்து மேல் சட்ஜத்துக்குப் போகும், கிளாரினெட் மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்குத் தாவும். சாக்ஸபோன், நாதஸ்வரத்துல ரீடு இருந்தும் ஸ்தாயிக்கு ஸ்தாயிதான் போகும், ஏன்னா உள்துளை கூம்பா விரிஞ்சுக்கிட்டே போகுது. டிரம்பெட்ல உதடே ரீடு.

சுருதி சேரலைன்னா முதல்ல சூட்டைப் பாருங்க. குழலுக்குள்ள காத்து 10 டிகிரி சூடானா, அரை ஸ்வரத்துல மூணுல ஒரு பங்கு ஏறிடும். வாசிக்கறதுக்கு முன்னாடி சத்தம் வராம குழலுக்குள்ள கொஞ்ச நேரம் மூச்சு விட்டு சூடாக்கிட்டு, அப்புறம் சுருதி சேருங்க.

கீழ் ஸ்வரம் மட்டும் உடைஞ்சு மேல தாவுதா? மூச்சைக் கூட்டாதீங்க, அது இன்னும் தாவ வைக்கும். எல்லாத் துளையையும் திறந்துட்டு, ஊதற பக்கத்திலேருந்து ஒண்ணொண்ணா மூடிக்கிட்டே வாங்க. எந்த விரலை வெச்சதும் கெடுதோ, அங்கதான் காத்து கசியுது. விரல் நுனியால இல்ல, அதுக்குக் கீழ இருக்கற சதையால மூடுங்க.