ஆப்பிளுக்கு மாறிய ஈ

நேயர்களுக்கு வணக்கம்.

பளபளவென்று இருக்கும் மாம்பழத்தை அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். பழ ஈயின் வேலை அது. அந்த ஈயின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமெரிக்க ஈயைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. பெயர் ரேகோலெட்டிஸ் போமொனெல்லா. நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். இறக்கையில் கறுப்புப் பட்டைகள். ஒரு சிற்றினம் எப்படி இரண்டாகப் பிரியத் தொடங்குகிறது என்பதை இதைப் போல் விலாவாரியாகக் காட்டும் உயிர்கள் குறைவு.

இதன் பூர்வீக வீடு ஹாதார்ன் என்ற முள்மரம். சின்னச் சின்னதாய்ச் சிவந்த பழங்கள் காய்க்கும். ஆப்பிள்தான் அங்கே வந்தேறி; 1600களில் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுபோனது. 1860களில் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் பள்ளத்தாக்கில் ஆப்பிளுக்குள் புழு என்று தோட்டக்காரர்கள் முறையிடத் தொடங்கினார்கள். பெஞ்சமின் வால்ஷ் என்ற பூச்சியியலாளர், 'தீனி மாறிய இந்த ஈ, காலப்போக்கில் தனிச் சிற்றினமாகவே ஆகிவிடலாம்' என்ற கருத்தை அந்தப் பத்தாண்டிலேயே முன்வைத்தார்.

நூறாண்டுக்கு அது பெரிதாக எடுபடவில்லை. பிரிவதற்கு மலையோ கடலோ குறுக்கே நிற்க வேண்டும் என்பது எர்ன்ஸ்ட் மாயர் போன்ற பரிணாம உயிரியலாளர்களின் கட்சி. பக்கத்து மரத்துக்குப் பறந்து போகிற ஈக்கள் கலந்துகொண்டேதானே இருக்கும்? நியாயமான கேள்விதான்.

ஈ எங்கே இணைசேர்கிறது என்று பாருங்கள். ஆண் ஈ பழத்தின்மேல் உட்கார்ந்து காத்திருக்கும். பெண் ஈ முட்டையிட அங்கேதான் வந்தாக வேண்டும். இணைசேர்வதும் பெரும்பாலும் அங்கேயே. ஆப்பிளை நாடுகிற பெண்ணுக்கு ஆப்பிளை நாடுகிற ஆண்தான் வாய்க்கும். பழத்தை அது கண்டுபிடிப்பது முக்கியமாக வாசனையால். ஒரு கூட்டம் ஆப்பிள் வாசனைக்கு வரும், ஹாதார்ன் வாசனையைத் தவிர்க்கும், மற்றதற்கு நேர்மாறு. இரண்டையும் கலந்து வளர்த்த கலப்பின ஈக்களைச் சோதித்தால், அவற்றில் பல எந்த வாசனைக்கும் சரியாகப் பறந்து வருவதில்லை. பார்க்க ஆரோக்கியமான ஈதான். ஆனால் பழத்தைத் தேடிப் போகத் தெரியாத ஈக்குத் துணையும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை.

அடுத்தது நாள்கணக்கு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழம் உதிர்ந்ததும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். குளிர்காலம் முழுக்க உறங்கி, மறு கோடையில் ஈயாக வெளிவரும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை. வெளிவந்த ஈயின் ஆயுள் சுமார் ஒரு மாதம். ஆப்பிளோ ஹாதார்னைவிட 3, 4 வாரம் முந்திப் பழுத்துவிடும். எனவே ஆப்பிள் ஈக்கள் சராசரியாக ஏறத்தாழ 10 நாள் முன்னதாக வெளிவருகின்றன.

சீக்கிரம் எழுந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிள் புழு மண்ணுக்குள் போவதும் முன்னதாகவே. அப்போது மண் இன்னும் கதகதப்பாக இருக்கும். உறக்கம் லேசானதாக இருந்தால், கோடை வந்துவிட்டது என்று ஏமாந்து அப்போதே வளரத் தொடங்கிவிடும். வெளியே பழம் இருக்காது. பின்னாலேயே பனி வரும். ஆக, குளிர் வரும்வரை அசையாமல் கிடக்கும் கெட்டியான உறக்கமும் வேண்டும், கோடையில் முந்தி எழவும் வேண்டும். 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஹாதார்ன் கூட்டுப்புழுக்களைக் குளிரில் வைக்குமுன், ஒரு பகுதியை 7 நாளும் இன்னொரு பகுதியை 32 நாளும் வெப்பத்தில் வைத்தார்கள். 32 நாள் தாங்கிப் பிழைத்தவற்றின் மரபணுக்களைப் பார்த்தால், குரோமோசோம்களின் பல இடங்களில் அவை ஆப்பிள் ஈக்களின் பக்கம் சாய்ந்திருந்தன. அதுவும் ஒரே தலைமுறையில்!

இந்த மரபணு வகைகள் ஆப்பிளுக்காகப் புதிதாக முளைத்தவை அல்ல. குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்வதுண்டு. அதிலுள்ள மரபணுக்கள் கலப்பின்போது எளிதில் பிரியாமல் ஒரே கட்டாகப் பிள்ளைகளுக்குப் போகும். உறக்கத்தோடு தொடர்புள்ள இப்படிப்பட்ட கட்டுகள் 10 லட்சம் ஆண்டுக்கும் மேல் பழையவை. மெக்சிகோவின் மேட்டுநிலத்து ஈக்களோடு வேர் கொண்டவை. சரக்கு கையில் இருந்தது, ஆப்பிள் வந்ததும் செலவானது.

ஆப்பிள் நல்ல தீனியும் இல்லை. புழுக்கள் ஹாதார்னில்தான் அதிகம் பிழைக்கும். ஆனால் சதை தடிமன். புழுவுக்குள் முட்டை வைக்கும் குளவியின் ஊசி அவ்வளவு ஆழம் எட்டாது.

இரண்டும் தனித்தனிச் சிற்றினங்கள் என்று இன்றே எழுதிவிடுவது அவசரம் என்பேன். தலைமுறைக்கு 100க்கு 4 முதல் 6 வரை இன்னும் கலப்பு நடக்கிறது. அவ்வளவு கலந்தும் மரபணு வேறுபாடு அழியாமல் நிற்கிறது என்பதை 1988இலேயே உயிரியலாளர் ஜெஃப்ரி ஃபெடரும் கூட்டாளிகளும் காட்டிவிட்டார்கள்.

அந்தக் குளவியையும் விட்டுவிடக் கூடாது. டையகாஸ்மா அலோயம் என்று பெயர். ஆப்பிளில் வளரும் குளவிகள், ஹாதார்ன் குளவிகளிடமிருந்து மரபணுவிலும், வெளிவரும் நாளிலும், நாடும் வாசனையிலும் வேறுபடத் தொடங்கிவிட்டன என்று 2009இல் கண்டார்கள். குளவி பழத்தைத் தின்பதே இல்லை. பழத்துக்குள் இருக்கும் புழுவைத் தேடித்தான் வருகிறது.

வணக்கம்.