14 பவுண்டுக்கு ஒரே ஒரு ஆலன் டிரைவர்!

வணக்கம் மக்களே. கையில் இருப்பது பேனா மாதிரி தெரியும், பேனா இல்லை. 0.9 மில்லிமீட்டர் ஆலன் டிரைவர், அதாவது அறுகோண முனை உள்ள திருப்புளி. தடத்தில் இருக்கிற பள்ளத்தில் மின்சாரத்தால் ஓடுமே குட்டிப் பந்தயக் கார், அந்த ஸ்லாட் காரின் சக்கரத்தைக் கழற்ற. விலை 14 பவுண்டு. செட் எல்லாம் இல்லை, இது ஒன்று மட்டும்தான். பிரெய்டு, அதான் தடத்திலிருந்து காருக்கு மின்சாரம் எடுக்கிற செப்புப் பின்னல், அதை வாங்கவே நாலு நாள் யோசிக்கிற ஆள் நான், உங்களுக்குத் தெரியும். ஆனால் போன வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேட்டால் நீங்களே பணத்தைக் கொடுத்து வாங்கி வரச் சொல்வீர்கள்.

மறுநாள் கிளப்பில் பந்தயம். என் நீல போர்ஷேயில் பின் சக்கரம் ஒன்று லேசாக ஆட்டம் போட்டது. கழற்றி, அச்சில் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மாட்டினால் போதும், இரண்டு நிமிட வேலை. கிட்டோடு வந்த எல் கீயை, அதான் எல் மாதிரி வளைந்த ஆலன் கீயை, விட்டுத் திருகினேன். க்ளிக் என்று ஒரு சத்தம். திருகு அசையவில்லை, கீயின் முனைதான் மழுங்கிப்போனது. இன்னொரு முறை அழுத்தித் திருகினேன் பாருங்கள், அந்தப் புத்திசாலித்தனத்தில் திருகின் அறுகோணக் குழியும் வட்டமாகிவிட்டது.

பெட்டியில் தயாராக வருகிற ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கம்பெனி கார் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி புரியாது. அதில் சக்கரத்தை அச்சில் அழுத்தி ஏற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். அலுமினியச் சக்கரத்துக்கு மாறினால்தான் கிரப் ஸ்க்ரூ, அதாவது சக்கரத்தை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற தலையில்லாத திருகு, வாழ்க்கைக்குள் வருகிறது. 2 மில்லிமீட்டர் திருகு, அதன் நடுவில் 0.9 மில்லிமீட்டர் குழி. அரிசி மணியே இதற்கு அண்ணன்.

சரி, எப்படிக் கழற்றினேன்? முதலில் டயரை உருவிவிட்டேன். சாலிடரிங் அயர்ன் முனையைத் திருகின்மேல் பத்து நொடி வைத்தேன். ஏன் என்றால், போன மாதம் அதில் த்ரெட்லாக், அதான் திருகு தளராமல் பிடிக்கிற பசை, விட்டதே நான்தான். சூடுபட்டால் அது இளகும். அப்புறம் குழியைவிடக் கொஞ்சம் பெரிய டார்க்ஸ் பிட்டை, அதான் நட்சத்திர முனையை,  சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். வந்துவிட்டது! மணி இரவு ஒன்றே கால். வீட்டில் எல்லோரும் தூங்கியதால் கத்தவும் முடியவில்லை. அந்தத் திருகைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், இதோ, இந்த மாத்திரை டப்பாவில்.

ஒன்றை விட்டுவிட்டேன். சூடு வைக்கிற வேலையை அலுமினியச் சக்கரத்தில் மட்டும் செய்யுங்கள். பின் அச்சில் இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம், அதான் கிரௌன் கியர், அதன் பக்கம் அயர்னைக் கொண்டுபோனால் பற்கள் உருகிவிடும்.

இந்தப் புது டிரைவரில் என்ன விசேஷம்? முனை நன்றாகக் கடினப்படுத்திய எஃகு, பிடி நேராக இருக்கிறது. எல் கீ வளையும், வளைந்தால் சாய்ந்து நிற்கும், சாய்ந்தால் குழியின் ஓரத்தைத் தின்றுவிடும். முனை உருண்டையாக இருக்கிற கீ இருக்கிறதே, இந்த அளவில் அதைத் தொடவே தொடாதீர்கள், எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. பழைய கீ மழுங்கியிருந்தால் எறிய வேண்டாம். ரோட்டரி டூலில் வெட்டு வட்டு மாட்டி, முனையில் ஒரு மில்லிமீட்டரை நேராக வெட்டிவிடுங்கள், புது முனை கிடைத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அப்புறம் அளவுக் குழப்பம். அமெரிக்கத் திருகுகள் பலவற்றுக்கு 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர். அதில் 1.3 கீயைத் திணிக்கப் பார்த்து ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தவன் நான். பழைய வீடியோவில் புலம்பியிருக்கிறேன்.

மற்ற கருவிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கூரான சாமணம் ஒன்று, அரம் இரண்டு மூன்று, ஒரு துண்டுக் கண்ணாடி. காரைக் கண்ணாடிமேல் வைத்தால் எந்தச் சக்கரம் தூக்கி நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும். டயர் தேய்க்க உப்புத்தாள். ரப்பர் டயருக்கு மட்டும்தான் அது, சிலிகான் டயர் தேயாது. நாற்பது உருப்படி உள்ள டூல் பெட்டி வேண்டவே வேண்டாம், அதில் முப்பத்தைந்தை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

ஆனால் பினியன் புல்லர், அதாவது மோட்டார் தண்டில் இருக்கிற குட்டிப் பல்சக்கரத்தை உருவுகிற கருவி, கட்டாயம் வேண்டும். பிளையரால் பிடித்து இழுத்து ஒரு மோட்டாரின் தண்டை வளைத்தவன் சொல்கிறேன். புதுப் பினியனை ஏற்றும்போது தண்டின் மறுமுனைக்கு முட்டுக்கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த அழுத்தம் முழுவதும் மோட்டாரின் பின்மூடிமேல் இறங்கும்.

பந்தயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்களே. ஒன்றேகால் மணிக்குத் திருகு வந்தது உண்மைதான். மாட்ட வேறு திருகு வீட்டில் இல்லை! சனிக்கிழமை முழுவதும் ஓரமாக உட்கார்ந்து, தடத்தைவிட்டுப் பறந்த கார்களைத் திரும்ப எடுத்துவைத்துக் கொண்டிருந்தேன். திங்கள்கிழமை டிரைவரோடு இருபது திருகும் சேர்த்து ஆர்டர் போட்டேன்.

கடைசியாக, இதுவும் என்னிடம் இருக்கிற இன்னொரு டிரைவரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் 0.9 பிடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசியிருக்கிறேன். பாலிஷ் யாருடையது என்று கேட்காதீர்கள், அவளுக்கு இன்னும் தெரியாது.