பாஸ்போர்ட்டில் விவசாயி, வேலை வான்சண்டை: பறக்கும் புலிகளின் கதை

(திரையில்: சுறாவின் வாய் தீட்டிய விமானத்தின் மூக்கு. பல் வரிசை மெல்ல நெருங்கி வருகிறது.)

வணக்கம். படத்தில் நீங்கள் பார்ப்பது சுறாவின் வாய். ஆனால் இந்த விமானங்களை ஓட்டியவர்களுக்கு வரலாற்றில் கிடைத்த பெயர் பறக்கும் புலிகள். அந்தச் சுறா முகமும் இரவல்தான். வடஆப்பிரிக்காவில் இருந்த பிரிட்டனின் 112ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவு தன் விமானங்களில் தீட்டியிருந்ததைப் பத்திரிகைப் படத்தில் பார்த்து வரைந்துகொண்டார்கள். அந்த ஸ்குவாட்ரனோ ஜெர்மானியர்களைப் பார்த்து வரைந்திருந்தது!

அதிகாரப்பூர்வப் பெயர் 'அமெரிக்கத் தொண்டர் குழு'. அமெரிக்கப் படைகளை விட்டு விலகி, சீனாவுக்காக ஜப்பானியரோடு சண்டையிடப் போனவர்கள். தொண்டர் என்றதும் சம்பளம் வாங்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

(திரையில்: கப்பல் தளத்தில் சாதாரண உடையில் இளைஞர்கள்.)

1941 கோடை. சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறுகிறார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்தால் ஒருவர் விவசாயி, ஒருவர் ஆசிரியர், இன்னொருவர் மதபோதகர். அத்தனையும் பொய். அமெரிக்கா அப்போது இன்னும் போரில் இறங்கவில்லை. அதனால் தரைப்படை, கடற்படை, மரைன் படை விமானிகளை ராஜினாமா செய்ய வைத்து, சென்ட்ரல் ஏர்கிராஃப்ட் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்தின் ஊழியர்களாக அனுப்பினார்கள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. விமானம் தயாரிப்பது, பழுது பார்ப்பது, இயக்குவது என்று அதில் வேலை விவரம் இருந்தது. போர் என்ற சொல்லையே காணோம்.

விமானிக்கு மாதம் 600 டாலர், ஸ்குவாட்ரன் தலைவருக்கு 750. படையில் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சுட்டு வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டாலர் தனி. இது காகிதத்தில் ஏறாத வாய்மொழி வாக்கு; பிறகு சீன அரசு அதைக் காப்பாற்றியது.

அப்படியானால் கூலிக்கு மாரடித்தவர்களா? பணம்தான் அழைத்தது என்று அவர்களில் பலர் பின்னாளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அது 1930களின் பொருளாதார மந்தத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. சம்பளத்தைக் கேட்டு வந்ததை ஒரு குற்றமாக என்னால் பார்க்க முடியவில்லை.

(திரையில்: கிளேர் ஷெனால்ட்டின் புகைப்படம்.)

இவர்களைத் திரட்டியவர் கிளேர் ஷெனால்ட். போர் விமானங்களை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று மேலதிகாரிகளோடு ஓயாமல் வாதாடியவர். காது மந்தம் வேறு. 1937இல் வெறும் கேப்டனாக ஓய்வுபெற்று, அதே வருடம் சீனாவுக்குப் போனார். ஜப்பானின் முழுப் படையெடுப்பு தொடங்கிய வருடமும் அதுதான். சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் ஆலோசகராக நான்கு வருடம் ஜப்பானிய விமானங்களின் பலத்தையும் பலவீனத்தையும் குறித்துக்கொண்டே வந்தார்.

கிடைத்த விமானம் கர்டிஸ் பி-40. பிரிட்டனுக்குப் போகவேண்டிய நூறு விமானங்கள் சீனாவுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஒன்றின் உடல்பகுதி நியூயார்க்கிலேயே கப்பலில் ஏற்றும்போது தண்ணீரில் விழுந்தது; ரங்கூனுக்கு வந்து சேர்ந்தவை 99. அவற்றிலும் குறிபார்க்கும் கருவி இல்லை. ரேடியோ என்று வைத்தது, பொழுதுபோக்காகப் பறப்பவர்களின் சிறிய விமானங்களுக்கான சரக்கு. உதிரிபாகங்களுக்குக் கடைசிவரை தட்டுப்பாடு.

பயிற்சி பர்மாவின் டவுங்கூ அருகே, பிரிட்டிஷ் விமானப்படையின் ஓடுதளத்தில். வந்தவர்களில் பலர் போர் விமானமே ஓட்டாதவர்கள். சிலர் கடற்படையின் மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர்கள். தரைக்கு மேல் இருபது அடியிலேயே இறங்கிவிட்டதாக நினைத்துக் கைவிட்டால் சக்கரம் என்ன ஆகும்? ஓடுதளத்தின் குறுக்கே ஷெனால்ட் ஒரு கோடு போட வைத்தார். அந்தக் கோட்டைத் தாண்டித் தரை தொட்டவருக்கு அபராதம். ஒரு ஜப்பானியனைக்கூடப் பார்க்கும் முன்பே பயிற்சியில் மூன்று விமானிகள் இறந்துபோனார்கள்.

(திரையில்: அனிமேஷன். ஒரு விமானம் இறுக்கமான வட்டமடிக்கிறது; இன்னொன்று மேலிருந்து செங்குத்தாகப் பாய்கிறது.)

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஷெனால்ட்டின் வகுப்பறை. ஜப்பானிய விமானங்கள் இலகுவானவை, கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பிவிடும். பி-40யின் உடம்பு கனம். ஜப்பானிய விமானத்தோடு வட்டமடித்துச் சண்டையிட்டால் இரண்டாவது சுற்றிலேயே எதிரி நம் முதுகில் இருப்பான். ஆனால் கனமான விமானம் கீழ்நோக்கிப் பாயும்போது வேகம் கூடும் அல்லவா? உயரத்தில் காத்திருந்து, இரண்டிரண்டு பேராகப் பாய்ந்து, ஒரே ஒருமுறை நெருங்கிச் சுட்டுவிட்டு, அதே வேகத்தில் கீழே தப்பிவிட வேண்டும். திரும்ப ஏறி வந்துதான் அடுத்த சுற்று. பி-40இல் விமானியின் முதுகுக்குக் கவசத் தகடு உண்டு. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் உண்டு. எதிரியிடம் அவை பெரும்பாலும் இல்லை. வானத்தில் வீரம் காட்ட வந்த இளைஞர்களுக்கு அடித்துவிட்டு ஓடு என்று சொல்லிக்கொடுப்பது எளிதில்லை. டவுங்கூவில் மாதக்கணக்காக நடந்தது அதுதான்.

உயரத்தில் காத்திருக்க வேண்டுமென்றால் எதிரி வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும். அங்கேதான் படங்களில் இடம்பெறாத ஆட்கள் வருகிறார்கள். யூனான் மாகாணத்து மலைகளிலும் கிராமங்களிலும் காது தீட்டி உட்கார்ந்திருந்த சீனர்கள். இன்ன திசை, இத்தனை இரைச்சல் என்று தொலைபேசியிலும் ரேடியோவிலும் சொல்லச் சொல்ல, யூனானின் தலைநகர் குன்மிங்கில் வரைபடத்தின்மீது எதிரியின் பாதை கோடாக நீளும்.

1941 டிசம்பர் 20. ஹனோயிலிருந்து துணைக்குப் போர் விமானம்கூட இல்லாமல் பத்து குண்டுவீச்சு விமானங்கள் குன்மிங்கை நோக்கி வந்தன. அதுவரை அங்கே அவற்றைத் தடுக்க ஆளில்லை. அன்று புலிகள் இருந்தார்கள். குண்டுகளை நகருக்கு வெளியே கொட்டிவிட்டுத் திரும்பி ஓடிய அந்தக் கூட்டத்தில் குறைந்தது மூன்று ஊர்போய்ச் சேரவில்லை.

தேதியைக் கவனித்தீர்களா? அமெரிக்காவைப் போரில் இறக்கிய பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து பதின்மூன்று நாள் கழித்து. அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே இவர்கள் ஜப்பானியரோடு மோதினார்கள் என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், தவறு. எதிரே வந்தவை புகழ்பெற்ற ஜீரோ விமானங்கள் என்பதும் அப்படித்தான். ஜீரோ ஜப்பானியக் கடற்படையுடையது. இவர்கள் பெரும்பாலும் மோதியது ஜப்பானியத் தரைப்படையின் விமானங்களோடு.

(திரையில்: புகை சூழ்ந்த ரங்கூன் துறைமுகம்.)

மூன்று நாள் கழித்து ரங்கூன். இந்தப் பெயரைக் கேட்டாலே நம்மில் பல குடும்பங்களுக்கு ஒரு தாத்தா நினைவுக்கு வருவார். நகரவாசிகளில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். செட்டியார்களின் கிட்டங்கிகள் நிறைந்த மொகல் தெரு அங்கேதான். டிசம்பர் 23 அன்று குண்டு விழுந்தபோது, வான்சண்டையை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றிருந்த கூட்டத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். யூனானில் இருந்ததைப் போன்ற காவல் வலை பர்மாவில் இல்லை. ரங்கூனின் மிங்கலாடான் விமானதளத்தில் இருந்த புலிகளின் மூன்றாம் ஸ்குவாட்ரனுக்கும் பிரிட்டிஷ் விமானிகளுக்கும் ஏறக் கிடைத்த அவகாசம் குறைவு. புலிகளில் இரண்டு பேர் அன்று திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மீண்டும் தாக்குதல். அந்த முறை புலிகளில் யாரும் இறக்கவில்லை. ஆனால் தரையில் போர் தோற்றுக்கொண்டிருந்தது. மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அதற்குள் நடைப்பயணமாகக் கிளம்பியிருந்தார்கள். மிங்கலாடான் இன்று யாங்கோன், அதாவது பழைய ரங்கூனின், விமான நிலையம்.

(திரையில்: தோல் சட்டையின் முதுகு, அதில் தைத்த துணி.)

இந்தத் துணியைப் பாருங்கள். மேலே சீனக் கொடி, கீழே சீன எழுத்து: 'சீனாவுக்குப் போரில் உதவ வந்த வெளிநாட்டவர் இவர். படைவீரரும் பொதுமக்களும் ஒன்றுசேர்ந்து காப்பாற்றுக.' பாராசூட்டில் வயலில் இறங்குபவனுக்கு மொழி தெரியாது. முதுகைத் திருப்பிக் காட்டினால் போதும்.

எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. 1942 ஏப்ரலில், சீனப் படைகளுக்கு ஊக்கம் தருவதற்காகத் தாழப் பறந்துகாட்டச் சொன்னபோது, தரையிலிருந்து சுடுபவனுக்கு இலக்காக வரமாட்டோம் என்று பர்மா எல்லையை ஒட்டிய லோய்விங் தளத்து விமானிகளில் பெரும்பாலோர் ராஜினாமாவில் கையெழுத்திட்டார்கள். படைத்துறையில் இது கலகம். இவர்களோ கம்பெனி ஊழியர்கள். கடைசியில் சமாதானமாகிப் பறந்தார்கள். மே மாதம் சால்வீன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், மலைச்சாலையில் சிக்கி நின்ற ஜப்பானியப் படைவரிசைமீது விமானி டெக்ஸ் ஹில் தலைமையில் நான்கு விமானங்களில் போய்க் குண்டு வீசியதும் இதே குழுதான்.

சுமார் 300 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் காட்டினார்கள். ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்ட பிற்கால ஆய்வு 115 அளவில் நிற்கிறது. எந்த நாட்டு விமானிகளின் கணக்கும் இப்படித்தான் ஊதிப்போயிருக்கும். 99 விமானங்களோடு தொடங்கி, ஏழு மாதத்துக்கு 115 என்பதே எனக்குப் பெரிய எண்ணாகத் தெரிகிறது.

1942 ஜூலை 4இல் குழு கலைக்கப்பட்டு, அமெரிக்கத் தரைப்படையின் 23ஆம் போர் விமானக் குழு அதன் இடத்துக்கு வந்தது. சேராமல் ஊர் திரும்பினால் கட்டாய ராணுவ சேவைக்கு இழுப்போம் என்று மிரட்டிப் பார்த்தார்கள். சீனாவிலேயே அந்தப் புதிய குழுவில் சேர்ந்த விமானிகள் ஐந்து பேர்.

மற்றவர்கள் போரை விட்டு ஓடிவிடவில்லை. ஜேம்ஸ் ஹோவர்டு ஐரோப்பிய வானத்திலும், ஒப்பந்தம் முடியும் முன்பே சண்டை போட்டுக்கொண்டு விலகிய கிரெகரி பாயிங்டன் பசிபிக்கிலும் அமெரிக்காவின் உயர்ந்த வீர விருதைப் பெற்றார்கள். ஆனால் சீனாவில் பறந்த மாதங்கள் படைப்பணிக் கணக்கில் சேரவில்லை. காகிதப்படி அவர்கள் விமானம் பழுதுபார்க்கப் போன கம்பெனி ஆட்கள். அந்தப் பதிவை அமெரிக்க அரசு திருத்தியது 1991இல். 1996இல் விமானிகளோடு தரைப் பணியாளர்களுக்கும் பதக்கம் வந்தது. வாங்கிக்கொள்ள அதற்குள் கொஞ்சம் பேரே மிஞ்சியிருந்தார்கள்.