புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

(இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வாசகசாலை ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, ஆலய பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, தோட்டக் கமிட்டித் தலைவர் அவர்களே, மகளிர் சங்கத்தாரே, இந்த மழையிலும் மேல் டிவிஷனிலிருந்து நடந்து வந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கைகளே, வணக்கம். ஒலிபெருக்கியைக் காசு வாங்காமல் தந்த தம்பிக்கும் நன்றி. அதிபர் ஐயாவிடம்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். அவர் முன்னால் பேசக் கிடைத்தது என் பாக்கியம்.

பழைய நாணயங்களை எப்படிச் சேர்ப்பது, எப்படி விலை மதிப்பது, எங்கே பாதுகாப்பது என்று மூன்று விஷயங்களைப் பேசச் சொன்னார்கள். சரி.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். காசும் அப்படித்தான். கண்டி அரசர் காலத்தில் தூண்டில் முள்ளாக வளைத்த வெள்ளிக் கம்பியும் பணமாக ஓடியது. ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு 1872இல் வந்தது. அதற்கென்று அடித்த செப்புக்காசில் 1870 என்றிருக்கும். ஒரு பக்கம் விக்டோரியா ராணி, மறுபக்கம் பனை இன மரம், மரத்தின் இருபுறமும் சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும். நம் எழுத்து அன்றே காசில் இருந்தது, பிள்ளைகளே!

சில்லறைத் தட்டுப்பாட்டில் காப்பிக் கம்பனிகள் காசுக்குப் பதிலாகத் தாங்களே உலோக வில்லை அடித்துக் கூலியாகக் கொடுத்தன. 1869இல் காப்பிச் செடிக்கு இலைநோய் வந்தது. காப்பி அழிந்தது, வில்லையும் செல்லாக்காசானது. இன்று அதே வில்லையைத் தேடிச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். யானை இறந்தாலும் ஆயிரம் பொன்!

அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயியிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், சாமிப்படத்துக்குப் பின்னால். நான் பத்து வயதுப் பையன். தீபாவளிக்கு முதல் நாள் அப்பாயி கொழுந்தெடுக்கப் போயிருந்த நேரம், டின்னைத் திறந்தேன். கறுத்துப்போன செப்புக்காசுகள், சதுர ஐந்து சதம், அரைஞாணில் கோக்கத் துளை போட்ட ஒன்று. எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பொன்னாக மின்னியது. அடியில் ஒரு தகர வில்லை கிடந்தது. அதில் ராணியும் இல்லை, மரமும் இல்லை, வெறும் இலக்கம்தான். இது காசே இல்லை என்று வாசல் சாக்கடைக் கானில் எறிந்துவிட்டேன்.

சாயந்தரம் அப்பாயி வந்தார். மின்னும் காசைத் திரும்பியும் பார்க்கவில்லை. டின்னைக் கவிழ்த்துத் தடவினார். "எங்கப்பா கழுத்துல கட்டிக்கிட்டு வந்த சீட்டு எங்கடா?" என்றார். அவ்வளவுதான். அது டின் டிக்கெட். கடல் தாண்டி வந்தவர் எந்தத் தோட்டத்துக்கு என்று இலக்கம் அடித்துக் கொடுத்தது. அந்தக் கானை இருட்டும்வரை துழாவினேன். கிடைக்கவில்லை.

பல வருடம் கழித்து அந்தக் காசுகளைக் கண்டியில் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடி வைத்துப் பார்த்தவர், "தேய்க்காமல் இருந்திருந்தால் நல்ல விலை போயிருக்கும் தம்பி" என்றார். புளியின் அமிலம் மேற்பரப்பைத் தின்றுவிடும். நூறு வருடம் ஏறிய கறுப்புத்தான் காசுக்குக் கவசம். விலை என்பது வயதை மட்டும் பார்த்து வருவதில்லை; எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, யாருக்கு வேண்டும், இதெல்லாம் சேர்ந்தது.

கொழும்பு சதாம் தெருவில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது; பழைய காசுகளை அங்கே பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஆனால் நம்முடைய டின் டிக்கெட்டும், தோட்டம் மாறும்போது கொடுத்த துண்டுச் சீட்டும், பேர்போட்டுக் கூலிக் கணக்கெழுதிய பழைய செக்ரோலும் இங்கேயே இருக்க வேண்டும் என்கிறேன். அதற்கு இந்த வாசகசாலையில் ஓர் அலுமாரி வேண்டும், பூட்டோடு. கமிட்டித் தலைவர் ஐயா மேடையில் இருக்கும்போதே கேட்கிறேன். பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போடுகிறவர்கள் அதற்கு முன் ஒருமுறை இங்கே கொண்டு வந்து காட்டுங்கள். பொருள் உங்களுடையது, பெயர் எழுதித்தான் வைப்போம்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் இங்கே இருப்பேன். காசைப் போட்டு வைக்கக் கடித உறைகள் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் டின்னோடு வாருங்கள். தேய்க்காமல்.